பத்து மணித் தூக்கம்

பூதலூரில் காலை பாசஞ்சரில் ஏறுகிற பெண்கள் பேச மாட்டார்கள். ஏறுவோம், இடம் பிடிப்போம், தூங்கிவிடுவோம். இலைக்காரம்மா என்று ஒருவர், தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு வாழை இலை கொண்டுபோகிறவர். தன் இலைக்கட்டின் மேலேயே சாய்ந்து, ஐயனாபுரம் வருவதற்குள் குறட்டையில் இருப்பார். நான் தஞ்சாவூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தேன் என்றால் ஆலக்குடி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நெற்றியில் கம்பித் தடத்தோடு கடைக்குள் நுழைவேன். முதலாளி தினமும் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்தப் பெட்டியில் தூங்காத ஒரே ஆள் அவள்தான். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பூதலூரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும், மீதிப் பேர் எங்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள்.

எல்லாரையும்விட அவளுக்குத்தான் தூக்கம் தேவை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துவிட்டு, அப்புறம் குளித்து, ஓடிவந்து ரயில் பிடிப்பாள். சாயங்காலம் திரும்பிப் போனால் மறுபடியும் டியூஷன். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது. கண்ணுக்குக் கீழே கருப்பு கட்டி நிற்கும். ஆனாலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி வருவாள்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடேன்டி, பாக்கறப்ப எனக்கே வலிக்குது" என்று ஒரு நாள் சொன்னேன்.

"இந்தத் துண்டு துண்டுத் தூக்கமெல்லாம் எனக்கு வேணாம். லோன் முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை, பத்து மணி வரைக்கும் ஒரேயடியாத் தூங்கிக்கிறேன். யாரும் எழுப்பக் கூடாது."

'லோன் முடிஞ்சதும்.' அவள் வாயிலிருந்து வருகிற முக்கால்வாசிப் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். லோன் முடிஞ்சதும் பல் டாக்டரிடம் போவாள், லோன் முடிஞ்சதும் நாகூர்ப் பக்கம் போய்க் கடல் பார்ப்பாள், லோன் முடிஞ்சதும் தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொள்வாள். இலைக்காரம்மா அவளுக்கு 'முடிஞ்சதும் பாப்பா' என்றே பேர் வைத்துவிட்டார். "என்ன முடிஞ்சதும் பாப்பா, இன்னிக்கு எதத் தள்ளிப் போட்டே?" என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் குறட்டைக்குப் போவார்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு இன்ஜினியர். நேற்றுவரை நாற்றங்காலாக இருந்த இடத்தில் காலேஜ் நின்றது. வேன் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். பிள்ளையைச் சேருங்கள், லோனுக்கு நாங்களே வழி பண்ணுகிறோம், முடித்து வெளியே வரும்போது கையில் வேலை என்றார்கள். எங்கள் கடைக்கும் வந்தார்கள். என் அத்தாவுக்குக் கடைத்தெருவில் வீட்டோடு சேர்ந்த மளிகைக் கடை. வட்டி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். "வட்டிக்கு வாங்கி எம் புள்ளைய படிக்க வைக்க மாட்டேன், நீங்க டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு பி.காம்.தான் வாய்த்தது. அதற்காக அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் கொஞ்ச காலம் திரிந்தேன். அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் அத்தா செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கும் படிக்க ஆசை இருந்தது.

அவள் படித்தது எலக்ட்ரானிக்ஸ். கேம்பஸுக்கு ஒரு கம்பெனி வந்தது. வந்தவர்கள் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி. அவள் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் கவுன்டரில் உட்கார்ந்தாள். அவளோடு படித்த ஒருத்தன் சென்னையில் கூரியர் மூட்டை சுமந்தான். ஒருத்தி கல்யாணமாகி, புருஷன் வீட்டுக்குத் தெரியாமல் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தன் பேங்கிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சிம்மை மாற்றி மாற்றி, கடைசியில் பெற்ற தாய்க்கே அவன் நம்பர் தெரியாமல் போயிற்று. எல்லாருக்கும் இருபத்து மூணு, இருபத்து நாலு வயதுதான். காதலிக்கிற வயதில் தவணைத் தேதியை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தள்ளிப்போட்டதிலேயே பெரியது ஒரு வீடு. கல்லணையிலிருந்து வருகிற கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். அந்தக் கரையில் அவள் வீடு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வருகிறது. ஒரு செங்கல்கூட வைக்காத வீடு, ஆனால் நாங்கள் எல்லாரும் அதற்குள் போய் வந்துகொண்டிருந்தோம்.

நடவுக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தியிருக்கிற நாட்களில், எங்கள் ரயில் வானத்துக்கு நடுவே போவது மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் மேகம் கிடக்கும், கொக்கு அதன் மேல் நடந்து போகும். அந்த நேரத்தில் அவள் மெதுவாக ஆரம்பிப்பாள். யாரிடமும் என்றில்லாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நேத்து ஆத்துப் பக்கத்து ஜன்னலப் பெருசாக்கிட்டேன். தண்ணி தொறந்துவிட்டா படுத்துக்கிட்டே சத்தம் கேக்கலாம்."

"எனக்கு எங்கடி எடம்?" என்பார் இலைக்காரம்மா, கண்ணைத் திறக்காமலே.

"உங்களுக்கு வாசல்ல ஒரு தொட்டி கட்டிட்டேன்க்கா. இலைக்கட்ட நனைச்சு வெச்சிட்டு உள்ள வந்து காலை நீட்டி உட்காருங்க. இவளுக்கு மேக்கால ஒரு ரூமு, தொழுறதுக்கு வசதியா."

நான் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவேன் என்று அவளிடம் சொன்னதே இல்லை. எப்போது கவனித்தாளோ தெரியாது. நெகிழ்ந்துபோனதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சண்டைக்குப் போனேன்.

"மேக்கால வெயில் கொளுத்தும்டி. எனக்கு வேற ரூம் குடு."

"வேப்ப மரம் வெச்சிருக்கேன்ல."

"அது என்னைக்கு வளர்றது?"

"நீ பேசாம இரு. ஏற்கெனவே ஜன்னல் உயரம் வந்திருச்சு."

பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே போவேன். எது வயல், எது அவள் வீட்டு முற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மயக்கம். தஞ்சாவூர் பிளாட்பாரத்தில் இறங்கும்போது வேப்பம்பூ வாசனை அடித்த மாதிரிகூட எனக்கு இருந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்படித் தள்ளிப்போடுகிறவர்கள் கஞ்சத்தனமாக இருப்பார்கள் என்று நினைப்போம். அவள் அப்படி இல்லை. ஆசைப்பட்டதைக் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு தடவை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஜவுளிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒரு புடவையை எடுத்துப் போடச் சொல்லி, முந்தானையை விரித்து, தடவி, தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். கடைக்காரர் பில் போடலாமா என்று கேட்டார்.

"இதே கலர் இன்னும் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வருமா அண்ணே?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மூணு வருஷம் கழிச்சு இந்தக் கடைக்கு நான் வருவனான்னே தெரியாதும்மா."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. நிறம் மறந்துபோய்விடக் கூடாதே என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசாமல் வந்தாள்.

அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கும். மேடையில் அவள் நிற்கிறாள், பக்கத்தில் புது வேட்டி கட்டிய அவள் அப்பா, இரண்டு பேர் கையிலும் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டை செக். கல்விக் கடன் வழங்கும் விழா என்று பேங்கில் நடத்தினார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பரவால்லையே, என்ன போட்டியில ஜெயிச்சது?" என்று கேட்பார்கள். "லோன்" என்பார் அவள் அப்பா, பெருமையாக.

அவள் அப்பா நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவரை நான் திட்டப்போகிறேன். இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூட வராத சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. ஒரு காலத்தில் சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். விளைச்சல் சரியில்லை. ஊரில் எல்லாரும் பேசாமல் இருந்தபோது இவர் மட்டும் வாக்குத் தவறக் கூடாது என்று, கறந்துகொண்டிருந்த பசுவை விற்றுக் கடனைக் கட்டினார். கட்டி ஒரு வாரம் ஆகவில்லை, கவர்மெண்டு எல்லாருடைய பயிர்க்கடனையும் தள்ளுபடி பண்ணிவிட்டது. கட்டாதவன் கையில் பணம் நின்றது, இவருக்குப் பசுவும் போயிற்று. டீக்கடையில், "என்ன, கவர்மெண்டுக்கே கடன் குடுத்தீங்களாமே?" என்று கேட்டுக் கேட்டே மனிதரைக் குத்தியிருக்கிறார்கள். அவளுக்கு அப்போது சின்ன வயது. பசு போன நாள் நினைவிருக்கிறது, அப்பா அதற்குப் பிறகு டீக்கடைக்கே போகாததும் நினைவிருக்கிறது என்று சொல்வாள்.

பேங்க் திறந்திருக்கிற நேரத்தில் அவள் தஞ்சாவூரில் இருப்பாள். அதனால் சம்பளம் வந்ததும் தவணைப் பணத்தை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். மறுநாள் "கட்டியாச்சாப்பா?" என்று கேட்பாள். "ஆச்சும்மா" என்பார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

இதற்கு நடுவில் ஒரு மாப்பிள்ளை வந்தான். ஒரத்தநாட்டுப் பக்கம், சிங்கப்பூரில் வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காபித் தட்டை நீட்டிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குப் படிப்புக் கடன் இருக்கு, அது முடிஞ்சதும்தான் கல்யாணம்" என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா கிள்ளின கிள்ளில் கை கன்றிப்போயிற்று. ஆனால் அந்தப் பையன் காபியை எடுத்துக்கொண்டு, "நான் ஏஜென்ட்டுக்குக் குடுக்க வாங்கின கடனே போன வருஷம்தாங்க முடிஞ்சுச்சு" என்றானாம். மறுநாள் ரயிலில் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புது ஆற்றுப் பக்கத்து ஜன்னலண்டை ஒரு சாய்வு நாற்காலி வந்து சேர்ந்தது. யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லோன் முடிந்து, அவன் லீவில் வரும்போது கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எத்தனை பவுன் என்றும் பேசினார்கள். அவ்வளவு பவுனுக்கு அப்பா எங்கே போவார் என்று அவள் கவலைப்பட்டாள். "அத நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

ஒரு நாள் காலை ஆலக்குடி தாண்டியதும் அவள் போன் அடித்தது. பட்டன் போன், எதிர்முனையில் பேசுவது பெட்டிக்கே கேட்கும். பேங்குக்காகப் பணம் வசூல் பண்ணுகிற ஆள். அவள் பேர், அவள் அப்பா பேர், ஊர் எல்லாம் சொன்னான். மூன்று வருஷமாக ஒரு பைசா வரவில்லை, அப்பா நம்பருக்குக் கூப்பிட்டால் தள்ளுபடி வரும் என்கிறார், இனிமேல் ஆஸ்பத்திரிக்கே நேரில் வருவோம் என்றான்.

"நான் மாசாமாசம் கட்டறேன் சார்."

"யாருக்கும்மா கட்டுறீங்க?"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பெட்டியில் எல்லாரும் விழித்திருந்தோம். இலைக்காரம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கி, "புள்ள வேலைக்குப் போயிட்டிருக்கு, அப்புறமாப் பேசு" என்று சொல்லிவிட்டு, எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

அன்றைக்கு அவளும் வேலைக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. தஞ்சாவூரில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். அவள் அப்பா வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"லோன் கட்டினீங்களாப்பா?"

"ஆச்சும்மா" என்றார், பழக்க தோஷத்தில். அப்புறம் என்னைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் தின்னுட்டேன்னு மட்டும் நினைச்சிராதம்மா" என்று சொல்லி உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தார். தங்கக் காசுகள், ஒரு சங்கிலி. "மாசாமாசம் நகைக்கடைச் சீட்டுல போட்டு எடுத்தது. ஒரு குந்துமணி குறையல. எலெக்‌ஷன் வருது, தள்ளுபடி வந்தே தீரும். கட்டியிருந்தா அந்தப் பசு மாதிரி போனது போனதுதான். இப்ப பாரு, உன் கழுத்துல நிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பயிர்க்கடன் வேற, படிப்புக் கடன் வேறங்க! யாருங்க உங்களுக்குத் தள்ளுபடின்னு சொன்னது? வட்டி ஏறிக்கிட்டே போயிருக்குங்களே!" என்று கத்தினேன். அடுத்தவர் வீட்டுப் பெரியவரைத் திட்டுகிறோமே என்ற நினைப்பே இல்லை.

"ரெண்டும் கவர்மெண்டு பேங்குதானேம்மா" என்றார் பாவம். அதற்கு மேல் நான் என்னத்தைக் கத்துவது?

அவள் கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் தெனமும் நாலு மணிக்கு எந்திரிக்கறது உங்களுக்குக் கேக்குமாப்பா?"

"கேக்கும்மா" என்றார். "கேட்டுக்கிட்டேதான் படுத்திருப்பேன்."

அவள் மஞ்சள் துணியை முடிந்தாள். "வித்துடலாம்" என்றாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, "கல்யாணம்?" என்று கேட்டார்.

தங்கம் கிடுகிடுவென்று ஏறியிருந்த நேரம். விற்ற பணத்தில் வட்டியும் முதலுமாகக் கடன் முழுக்க அடைந்து, ஏதோ கொஞ்சம் மிச்சமும் வந்தது. "பாத்தியா, கட்டியிருந்தா…" என்று அவள் அப்பா பேங்க் வாசலிலேயே ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் கவுன்டரில் போய், "அடுத்த வாரம் தள்ளுபடி எதுவும் வர்ற மாதிரி இருக்குங்களா?" என்று கேட்காமல் அவரால் வர முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்த அட்டை செக் போட்டோவை அவரே ஏணி போட்டுக் கழற்றினார்.

பவுன் இல்லை என்று தெரிந்ததும் ஒரத்தநாட்டுக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் பையன் சிங்கப்பூரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டு, "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றான். "சரிங்க" என்று வைத்துவிட்டாளாம். ஏஜென்ட் கடனை அடைத்தவனுக்கு வீட்டை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லை. எனக்கு இன்றைக்கும் அவன் மேல் கோபம்தான்.

கடன் முடிந்துவிட்டது. இனி கேட்க வேண்டுமா, வீடு என்ன, கடல் என்ன, மாம்பழக் கலர் என்ன என்று ஒவ்வொன்றாக இறங்கி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா வந்தாள்.

"வீடு எது வரைக்கும் வந்திருக்கு பாப்பா?" என்று இலைக்காரம்மா கேட்டார்.

"தெரியலக்கா."

"வேப்ப மரம்?" என்றேன் நான்.

"தெரியலடி." அப்புறம் அவளே சொன்னாள். "முடிஞ்சதும் முடிஞ்சதும்னு சொல்லிட்டே இருந்தேன்ல? முடிஞ்சிருச்சு. அதுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா ஒண்ணையும் காணோம்."

அப்போது சம்பா பயிர் எழும்பி நின்றது. வயலில் தண்ணீரும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை. அவள் அதைப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. இன்னமும் நாலு மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால், தானாக முழிப்பு வந்துவிடுகிறது என்றாள். புடவைக் கடைக்கு நான் இழுத்துக்கொண்டு போனேன். விரித்துப் போட்டதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று படி இறங்கினாள். எதற்கு அப்புறம் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு சாயங்காலம் அவள் அம்மா எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தார். பக்கத்து ஊரில் ஒரு பையன் படிப்புக் கடன் தொல்லையில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். உளுந்தும் புளியும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கொட்டகையில இருந்த பூச்சி மருந்தையெல்லாம் என் தம்பி வீட்டுல கொண்டுபோய் வெச்சிட்டேன்மா. அவ பேசவே மாட்டேங்கறா. நீ கொஞ்சம் பாத்துக்க" என்றார். அத்தா பொட்டலம் கட்டிக்கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறந்துபோனார். எங்கள் அத்தா காசு வாங்க மறந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான் அவளைப் போய் உலுக்கினேன். "அந்த ஞாயித்துக்கிழமை டியூஷனையாவது நிறுத்தித் தொலையேன்டி. இனிமே எந்தப் பேங்குக்குச் சம்பாதிக்கறே?" என்று சண்டை போட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவள் அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"அம்மாடி, அவ இன்னும் எந்திரிக்கலம்மா. மணி பத்தாகப் போவுது. டியூஷன் புள்ளைங்களையும் நேத்தே வர வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு நாளும் இப்படிப் படுத்ததில்லம்மா. கிட்டப் போகவே பயமா இருக்கு. உங்கப்பாவக் கூப்பிட்டா அவரு நடுங்கிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு…"

பேச்சுவாக்கில் 'உங்கப்பா' என்று என்னிடமே சொல்கிறார், அவ்வளவு பயம். என் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. யா அல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிற்று. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, கதவு தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருக்கு."

"உள்ள போங்க. பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். மூஞ்சிக்கிட்ட குனிஞ்சு பாருங்க. மூச்சு வருதா?"

அவர் நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு காக்கா கத்திக்கொண்டே இருந்தது.

"வருதும்மா" என்றார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. "வருது. வாயப் பொளந்துக்கிட்டுக் குறட்டை விடறா. தலையணையெல்லாம் எச்சி. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதீங்க!" என்று நான் கத்தின கத்தலில் அத்தா கடையிலிருந்து ஓடிவந்துவிட்டார். "எழுப்பாதீங்கம்மா. கதவச் சாத்திட்டு வெளிய வாங்க. கோழிய அடைங்க. அப்பாவ இருமக் கூடாதுன்னு சொல்லுங்க. யாரும் எழுப்பக் கூடாது!"

எழுதும்போதுகூட எனக்குக் கண் கலங்குகிறது. அன்றைக்கு நான் கொல்லையில் நின்று அழுதேன், சிரித்தேன், கீழே விழுந்த துணியை மறுபடியும் அலசினேன். அத்தா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். குரல் தடித்துப்போயிருந்தது.

"பத்து மணின்னுதானேடி சொன்னே? பன்னெண்டரைக்கு எந்திரிச்சியாமே?" என்றேன்.

"மூணு வருஷத்து வட்டி" என்றாள், கொட்டாவி விட்டுக்கொண்டே.

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை, நான் சிரித்தேன். எனக்கு ஒன்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வீடு திரும்ப வந்ததா, ஆற்றுப் பக்கத்து ஜன்னல் வந்ததா, என் ரூமுக்கு வெளியே வேப்ப மரம் நிற்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன்.

"ஒண்ணும் வரலடி" என்றாள். "ஒரு கனவுகூட வரல. அவ்வளவு நல்லாத் தூங்கினேன்."